முதல் அடி யாருடையது? கடவுளோடு ஒப்புரவாதல் குறித்த கிறித்தவப் புரிதலும் அதன் அறக் கடப்பாடும்

1. கேள்வி

கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே நேர்ந்த முறிவு இயேசு கிறிஸ்துவின் வாழ்விலும் சிலுவைச் சாவிலும் உயிர்ப்பிலும் சரிசெய்யப்பட்டது என்பது கிறித்தவ நம்பிக்கையின் மையக் கூற்று. இதைக் குறிக்கத் தமிழ்க் கிறித்தவர் 'ஒப்புரவு' என்னும் சொல்லை வழங்குகின்றனர். பகை நீங்கி, பிரிந்தவர்கள் மீண்டும் உறவுக்குள் வருவதே இதன் பொருள். பாவமன்னிப்பு, மீட்பு, நீதிமானாக்கப்படுதல் ஆகிய ஏனைய கோட்பாடுகளோடு ஒப்புரவு பின்னிக் கிடந்தாலும், ஒரு வகையில் அவற்றினின்று வேறுபடுகிறது. மன்னிப்பைப் பாதிக்கப்பட்டவர் தனியாகவே வழங்கிவிட முடியும். தீர்ப்பு குற்றவாளியின் மனத்தைத் தொடாமலே அவரை விடுவித்துவிட முடியும். ஒப்புரவோ இரு தரப்பாரும் நேருக்கு நேர் வந்து நின்றாலன்றி நிறைவு பெறாது.

இங்கு எழும் கேள்வி, அந்த உறவை மீட்டெடுக்க முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவர் யார் என்பது. கடவுளுக்கும் மனிதருக்கும் இடையிலான முறிவில், பாதிக்கப்பட்ட தரப்பான கடவுளே முதலில் வந்தார் என்று கிறித்தவம் அறிவிக்கிறது. இந்த அறிவிப்பு மனித உறவுகளுக்கு அப்படியே பெயர்த்துப் பொருத்தப்படும்போது, ஒடுக்கப்பட்டவரே முதலில் இறங்கி வந்து ஒடுக்கியவரை அணைத்துக்கொள்ள வேண்டும் என்ற முடிவு எளிதில் பெறப்பட்டுவிடுகிறது. அந்த முடிவு புதிய ஏற்பாட்டின் சான்றுகளுக்குப் பொருந்தாது என்பதும், மனிதருக்கு இடையில் முதல் அடி குற்றமிழைத்தவருடையது என்பதும் இக்கட்டுரையின் வாதம். பவுலின் மடல்கள், அவற்றைப் பற்றிய இறையியல் விவாதங்கள், யூத மரபின் ஈடுசெய்தல் விதிகள், தென்னாப்பிரிக்கத் திருச்சபைகளின் அனுபவம் ஆகியவற்றின் வழியே இவ்வாதம் ஆராயப்படுகிறது.

2. பவுலின் கூற்று: தூது அனுப்பும் கடவுள்

ஒப்புரவு பற்றிய புதிய ஏற்பாட்டுச் சான்றுகளில் பெரும்பாலானவை பவுலின் பெயரால் வழங்கும் மடல்களிலேயே உள்ளன. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் 5ஆம் அதிகாரமும், உரோமையருக்கு எழுதிய மடலின் 5ஆம் அதிகாரமும் கி.பி. 50களின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை; கொலோசையர், எபேசியர் மடல்களைப் பவுலே எழுதினாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு எனினும், அவை அவருடைய சிந்தனை மரபைத் தொடர்பவை என்பதில் ஐயமில்லை. முதல் இரு மடல்களிலும் ஓர் ஒழுங்கு மாறாமல் காணப்படுகிறது. ஒப்புரவாக்குபவர் எப்போதும் கடவுளே. ஒப்புரவாக்கப்படுபவர்கள் மனிதர்கள் அல்லது உலகம். மனிதர் ஏதோ ஒன்றைச் செய்து கடவுளின் மனத்தைத் தம் பக்கம் திருப்பினர் என்று பவுல் ஓரிடத்திலும் கூறவில்லை. மனிதர் பகைவராக இருந்த காலத்திலேயே ஒப்புரவு நிகழ்ந்தது என்பதே உரோமையர் மடலின் அழுத்தம்.

இதன் புதுமை, இதற்கு முந்தைய ஒரு நூலோடு ஒப்பிடும்போது தெளிவாகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் நிகழ்வுகளைப் பேசும் மக்கபேயர் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரத்தில், சித்திரவதைக்குள்ளாகும் ஏழு சகோதரர்களுள் ஒருவர், கடவுள் சிறிது காலம் சினம் கொண்டிருந்தாலும் பின்னர் தம் ஊழியரோடு மீண்டும் ஒப்புரவாவார் என்று நம்பிக்கை தெரிவிக்கிறார். அங்கு மனம் மாற வேண்டியவர் கடவுள்; அதற்கு வழி, மக்களின் வேண்டுதலும் துன்பமும். அதே கிரேக்கச் சொல்வழக்கைக் கையாளும் பவுல் திசையை மாற்றிவிடுகிறார்.

பவுலின் சொல்லாட்சி எங்கிருந்து வந்தது என்பதில் இரு விளக்கங்கள் உள்ளன. பலி வழிபாட்டின் பாவநிவிர்த்தியிலிருந்தே ஒப்புரவுக் கருத்து வளர்ந்தது என்பது நெடுநாளைய புரிதல். 1989இல் வெளிவந்த தம் ஆய்வில் சிலியர்ஸ் பிரைட்டன்பாக், இச்சொல்லாட்சி கிரேக்க உலகின் அரசியல் தூதுக்குரியது, பலிபீடத்துக்குரியதன்று என்று வாதிட்டார். கொரிந்தியர் மடலில் பவுல் தம்மைக் கிறிஸ்துவின் தூதர் என்று அழைத்துக்கொள்வது இவ்வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. போரில் தோற்ற, அல்லது வலிமை குன்றிய தரப்பே வெற்றி பெற்றவரிடம் தூது அனுப்பிச் சமாதானம் வேண்டுவது பண்டைய நடைமுறை. பவுலின் கூற்றிலோ மேலான தரப்பு, அதிலும் குற்றம் இழைக்கப்பட்ட தரப்பு, கீழோரிடம் தூது அனுப்பி மன்றாடுகிறது. ஆயினும் அதே பகுதியின் இறுதியில் கிறிஸ்து பாவத்தோடு இணைத்துப் பேசப்படுவதால், பலியின் சாயல் அங்கு அறவே இல்லை என்று கூறிவிட இயலாது. தூது என்னும் சட்டகத்துக்குள் பலியின் பொருளும் இடம்பெறுகிறது என்று கொள்வதே சான்றுகளுக்கு நெருக்கமானது.

இம்மடல் எழுதப்பட்ட சூழலும் கருதத்தக்கது. பவுலுக்கும் கொரிந்து சபைக்கும் இடையே கசப்பான மோதல் நடந்திருந்தது. துயரம் தந்த ஒரு வருகையையும் கண்ணீரோடு எழுதிய ஒரு கடிதத்தையும் மடலின் 2ஆம் அதிகாரம் குறிப்பிடுகிறது. கடவுளோடு ஒப்புரவாகும்படி அவர் விடுக்கும் அழைப்பு, தமக்கும் சபைக்கும் இடையே முறிந்த உறவைச் சீர்செய்யும் முயற்சிக்கு நடுவில் நிற்கிறது. கடவுளோடு கொள்ளும் உறவும் மனிதரோடு கொள்ளும் உறவும் ஒரே மூச்சில் பேசப்படுவது இவ்வாறு தொடக்கத்திலேயே நேர்ந்துவிட்டது.

3. சினமும் அன்பும்: மரபின் விவாதம்

கடவுளே முதலில் வந்தார் என்றால் சிலுவை எதற்கு என்ற கேள்வியை ஒவ்வொரு காலத்தவரும் தத்தம் சமூக அமைப்பின் மொழியில் எதிர்கொண்டனர். 1098இல் தம் புகழ்பெற்ற நூலை முடித்த கேன்டர்பரி ஆன்செல்ம், பாவத்தைக் கடவுளுக்குரிய மாண்பைச் செலுத்தாத கடனாகக் கண்டு, மனிதரால் தீர்க்க இயலாத அக்கடனைக் கடவுளும் மனிதருமான ஒருவரே தீர்க்க முடியும் என்றார். அடுத்த தலைமுறையைச் சேர்ந்த பீட்டர் அபெலார்டு, கிறிஸ்துவின் சாவு மனித உள்ளத்தில் அன்பை மூட்டுகிறது என்பதை முன்னிறுத்தினார். 16ஆம் நூற்றாண்டில் கால்வின், கிறிஸ்து மனிதரின் தண்டனையைத் தம்மேல் ஏற்றார் என்ற விளக்கத்தை விரித்துரைத்தார். அதே நூற்றாண்டின் இறுதியில் ஃபாஸ்டஸ் சொசீனஸ் இதற்குக் கூர்மையான மறுப்பைத் தொடுத்தார்: கடன் முழுதும் வசூலிக்கப்பட்டுவிட்டால் அது தீர்க்கப்பட்ட கடன், அதை மன்னிக்கப்பட்ட கடன் என்று எவ்வாறு கூறுவது?

20ஆம் நூற்றாண்டில் இவ்விவாதம் புதிய வடிவில் திரும்பியது. 1931இல் சி.எச். டாட், புதிய ஏற்பாட்டின் பாவநிவிர்த்திச் சொற்கள் பாவத்தைத் துடைப்பதையே குறிக்கின்றன, கடவுளின் சினத்தைத் தணிப்பதையன்று என எழுதினார். 1955இல் லியோன் மோரிஸ், உரோமையர் மடலின் முதல் அதிகாரங்கள் கடவுளின் சினத்தைப் பற்றியே பேசுவதைச் சுட்டி அவரை மறுத்தார். கஸ்டாஃப் ஆலேன் 1930இல், தொடக்கத் திருச்சபை சிலுவையைத் தீய ஆற்றல்கள்மீது கடவுள் பெற்ற வெற்றியாகவே கண்டது என்றார். 1993இல் டெலோரஸ் வில்லியம்ஸ், பிறருக்காகச் சுமை சுமக்கும்படி வற்புறுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களின் வரலாற்றிலிருந்து, ஒருவர் இடத்தில் மற்றொருவர் துன்புறுவதைப் புனிதப்படுத்தும் போதனை எத்தகைய விளைவுகளைத் தரும் என்று வினவினார்.

இவ்விளக்கங்களுள் எதுவும் முழு மரபையும் தன்னுள் அடக்கிவிடவில்லை; பழைய பொதுச் சங்கங்கள் எவையும் இவற்றுள் ஒன்றை மட்டும் கட்டாயக் கோட்பாடாக வரையறுக்கவுமில்லை. எனினும் ஒரு புள்ளியில் இவை எதிர்பாராத அளவுக்கு ஒன்றுபடுகின்றன. தண்டனை விளக்கத்தின் முதன்மையான பேச்சாளராகிய கால்வினே, அகுஸ்தீனைத் துணைக்கழைத்து, கிறிஸ்துவின் சாவு கடவுளின் அன்பைத் தோற்றுவிக்கவில்லை, அந்த அன்பே கிறிஸ்துவை அனுப்பியது என்று வலியுறுத்துகிறார். சினங்கொண்ட தந்தையை இரக்கமுள்ள மகன் சமாதானப்படுத்தினார் என்று மக்களிடையே உலவும் சித்திரம், இம்மரபின் மிகக் கடுமையான விளக்கத்துக்குக்கூட உண்மையாக இல்லை. கடவுளின் சினம் என்பது தீமையோடு அவர் ஒத்துப்போக மறுப்பது. அன்பு என்பது தீமை இழைத்தவரைக் கைவிட மறுப்பது. இவ்விரு மறுப்புகளும் சேர்ந்தே ஒப்புரவாகின்றன. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒப்புரவு, தீமையைத் தீமை என்று சொல்லும் ஆற்றலை இழந்துவிடுகிறது.

4. காணிக்கையை விட்டுச் செல்பவர்

மனிதருக்கு இடையிலான ஒப்புரவு பற்றிய தெளிவான கட்டளை மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் உள்ளது. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த ஒருவருக்கு, தம் சகோதரருக்குத் தம்மீது மனக்குறை உண்டு என்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் சென்று அவரோடு ஒப்புரவாக வேண்டும் என்று இயேசு கூறுகிறார். மனக்குறை மற்றவருக்கு இருக்கிறது. எனவே இங்கு நடந்து செல்ல வேண்டியவர் குறைக்குக் காரணமானவர். அவர் செல்லும்வரை வழிபாடே காத்திருக்கிறது.

இக்கட்டளை யூத மரபில் ஆழ வேரூன்றியது. லேவியர் நூலின் 6ஆம் அதிகாரமும் எண்ணிக்கை நூலின் 5ஆம் அதிகாரமும், பிறர் பொருளைக் கவர்ந்தவர் முழுப் பொருளையும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவருக்குத் திருப்பித் தர வேண்டும் என விதித்து, குற்றநீக்கப் பலியை அதனோடு பிணைக்கின்றன. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதியில் எலெயாசர் பென் அசரியா என்னும் ரபியின் போதனை பதிவாகியுள்ளது: மனிதருக்கும் கடவுளுக்கும் இடையிலான குற்றங்களைப் பாவநிவிர்த்தி நாள் நீக்கும், மனிதருக்கு மனிதர் இழைத்த குற்றங்களையோ, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை அந்நாள் நீக்காது. மத்தேயுவின் இயேசு பேசுவதும் இந்த அறவுலகத்துக்குள் நின்றே.

கடவுளின் முன்முயற்சியும் குற்றமிழைத்தவரின் கடப்பாடும் எவ்வாறு ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பதை லூக்கா 19ஆம் அதிகாரத்தின் சக்கேயு நிகழ்வு காட்டுகிறது. வரி வசூலிப்போரின் தலைவரான அவருடைய வீட்டுக்கு இயேசு தாமே வருவதாக அறிவிக்கிறார். அதற்கு எந்த நிபந்தனையும் விதிக்கப்படவில்லை. அதன்பின் சக்கேயு தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காக உரியவர்களுக்கும் தருவதாக எழுந்து நின்று கூறுகிறார். அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவிப்பது இதற்குப் பிறகே. அருள் முந்தி வந்தது. அது வந்ததற்கான அடையாளம் ஈடுசெய்தலாக வெளிப்பட்டது. ஏமாற்றப்பட்ட மக்களைப் பார்த்து, சக்கேயுவை முதலில் மன்னித்துவிடுங்கள் என்று இயேசு சொல்வதாக அக்கதையில் எங்கும் இல்லை.

5. சுவரும் சபையும்

எபேசியர் மடலின் 2ஆம் அதிகாரம் யூதரையும் பிற இனத்தாரையும் பிரித்த சுவரைக் கிறிஸ்து தகர்த்து, இரு திறத்தாரையும் ஒரே உடலாகக் கடவுளோடு ஒப்புரவாக்கினார் என்கிறது. எருசலேம் கோவிலில் பிற இனத்தார் எல்லை தாண்டினால் மரணம் நேரும் என எச்சரித்த தடுப்பை ஆசிரியர் மனத்தில் கொண்டிருக்கலாம் என்பது பலர் கருத்து; அந்த எச்சரிக்கைக் கல்வெட்டு ஒன்று 1871இல் கண்டெடுக்கப்பட்டது. சுவர் என்பது சட்டத்தின் விதிகளையே குறிக்கிறது என்போரும் உளர். எவ்வாறாயினும், தனித்தனியே கடவுளோடு ஒப்புரவாகிவிட்டுப் பிரிந்தே வாழும் இரு குழுக்களுக்கு இம்மடலில் இடமில்லை.

தொடக்கத் திருச்சபையின் நடைமுறையும் இதை உறுதிப்படுத்துகிறது. கி.பி. 250ஐ ஒட்டித் தேசியஸ் பேரரசரின் ஒடுக்குமுறைக் காலத்தில் நம்பிக்கையை மறுதலித்தவர்களை மீண்டும் சேர்ப்பது குறித்து எழுந்த நெருக்கடியில், கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், சபையின் முன்னிலையில் நீண்ட மனவருத்தச் செயல்களுக்குப் பின்னரே அவர்கள் திருவிருந்துக்குத் திரும்ப முடியும் என்றார். பின்னாளில் பாவ அறிக்கை குருவிடம் தனிமையில் செய்வதாக மாறி, 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கத்தால் ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயமாக்கப்பட்டபோது, ஒப்புரவின் சமூக முகம் மங்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல், இந்த அருட்சாதனத்தை நாடுவோர் கடவுளின் மன்னிப்பைப் பெறும்போதே திருச்சபையோடும் ஒப்புரவாகின்றனர் என்று கூறி, பழைய புரிதலை மீட்டெடுத்தது.

தமிழகத்தில் இக்கேள்வி சாதியின் வடிவில் எழுந்தது. தஞ்சாவூர், வேப்பேரி முதலிய இடங்களின் சபைகளில் சாதிவாரி இருக்கையும் திருவிருந்தில் சாதி முறைமையும் நிலவிய நிலையில், கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாடு முற்றாகக் கைவிடப்பட வேண்டும் என ஆணையிட்டார். பலர் அதை ஏற்காமல் சபையை விட்டு விலகினர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோவிலுக்குள் இரு சாதியாரைப் பிரிக்கும் சுவரே எழுப்பப்பட்டிருந்தது. அந்த வரலாற்றை ஆ. சிவசுப்பிரமணியன் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஒரே பீடத்தை நோக்கி நின்றவர்களுக்கு இடையே அச்சுவர் நின்றது என்பது, கடவுளோடு ஒப்புரவாதலை மனித உறவிலிருந்து பிரித்துவிட்டால் வழிபாடு எதைத் தாங்கிக்கொள்ளும் என்பதற்குச் சான்று.

6. தென்னாப்பிரிக்கா: ஒப்புரவின் பெயரால் எழுந்த மோதல்

இருபதாம் நூற்றாண்டில் இக்கோட்பாடு மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் தென்னாப்பிரிக்கா. 1857இல் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் மன்றம், வெள்ளையரல்லாத விசுவாசிகளும் ஏற்கெனவே உள்ள சபைகளிலேயே சேர்க்கப்படுவதே விரும்பத்தக்கது என்று ஒப்புக்கொண்டும், சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு அவர்கள் தனியே வழிபடலாம் என அனுமதித்தது. பலவீனத்துக்குக் காட்டிய சலுகை விதியாக இறுகியது. 1881இல் கலப்பினத்தவருக்கெனத் தனி மிஷன் திருச்சபை அமைக்கப்பட்டது. 1948க்குப் பின் அரசின் கொள்கையான இனஒதுக்கலுக்கு, திருவிருந்து மேசையில் தொடங்கிய அப்பிரிவினை இறையியல் நியாயம் வழங்கிற்று.

அந்த மிஷன் திருச்சபையே 1982இல் கேப் டவுனுக்கு அருகிலுள்ள பெல்ஹாரில் கூடி ஒரு விசுவாச அறிக்கையை வரைந்து, 1986இல் அதை முறையாக ஏற்றது. இனங்கள் அடிப்படையிலேயே ஒன்றோடொன்று ஒத்துவாழ இயலாதவை என்ற கருதுகோளின்மீது இனஒதுக்கல் கட்டப்பட்டிருக்கிறது. அக்கருதுகோளோ கிறிஸ்துவின் ஒப்புரவை மறுக்கிறது. எனவே அது அரசியல் தவறு என்பதோடு நில்லாமல் நற்செய்திக்கே முரணானது என்பது அவ்வறிக்கையின் வாதம். ஒற்றுமை, ஒப்புரவு, நீதி ஆகிய மூன்றையும் அது ஒன்றாகவே நிறுத்தியது.

1985இல் வெளியான கைரோஸ் ஆவணம் மற்றொரு பக்கத்திலிருந்து தாக்கியது. இனஒதுக்கலை மென்மையாகக் கண்டித்துக்கொண்டே இரு தரப்பாரையும் ஒப்புரவுக்கு அழைத்த திருச்சபைகளின் நிலைப்பாட்டை அது 'சபை இறையியல்' என்று பெயரிட்டுக் குறை கூறியது. ஒரு தரப்பு ஆயுதம் ஏந்திய ஒடுக்குமுறையாளராகவும் மறு தரப்பு நிராயுதபாணியாகவும் இருக்கையில், மனந்திரும்புதலும் நீதியும் இல்லாத ஒப்புரவைப் போதிப்பது ஒடுக்கப்பட்டவரைத் தம் ஒடுக்குமுறைக்கே உடந்தையாக்குவதாகும் என அது வாதிட்டது.

1995ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டு, ஆங்கிலிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் தலைமையில் இயங்கிய உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம், அரச நிறுவனமாக இருந்தும் இந்தக் கிறித்தவ மொழியிலேயே பெரிதும் பேசியது. அரசியல் நோக்கத்தோடு இழைத்த குற்றங்கள் பற்றிய உண்மையை முழுமையாக வெளிப்படுத்துவோருக்குப் பொதுமன்னிப்பு கிடைக்க வழி இருந்தது; வருந்த வேண்டும் என்பது நிபந்தனையாக இல்லை. காவலில் இறந்த இனஒதுக்கல் எதிர்ப்பாளர் ஸ்டீவ் பீக்கோவின் குடும்பத்தினர் உள்ளிட்டோர் நீதி பெறும் உரிமை பறிக்கப்படுவதாக 1996இல் அரசமைப்பு நீதிமன்றத்தை அணுகினர். நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. ஈடுசெய்தலைப் பொறுத்தவரை, ஆணையம் ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கப் பரிந்துரைத்தது. 2003இல் அரசு அறிவித்ததோ ஒரே தவணையாக 30,000 ராண்ட். உள்நாட்டுப் போரைத் தவிர்ப்பதில் ஆணையத்துக்கு இருந்த பங்கையும், மறைக்கப்பட்ட கொடுமைகளை அது பொதுவெளிக்குக் கொணர்ந்ததையும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயினும் பொதுமன்னிப்பு பெற்றவர்களுக்கு அது உடனடியாகவும் முழுமையாகவும் கிடைத்த நிலையில், பாதிக்கப்பட்டோருக்கு, ஈடு தாமதமாகவும் குறைவாகவும் வந்தது. சக்கேயுவின் கதையோடு ஒப்பிட்டால், இயேசு வீட்டுக்கு வந்ததோடு கதை நிறுத்தப்பட்டுவிட்டது எனலாம்.

7. மறுப்புகள்

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, ஈடுசெய்தலை வற்புறுத்துவது கடவுளின் அருளை நிபந்தனைக்கு உட்படுத்துகிறது என்பது. கைரோஸ் ஆவணமும் இக்குறைகூறலுக்கு உள்ளானது. அருள் விலைக்கு வாங்கப்படுவதன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் நிபந்தனையின்றித் தரப்படுவது விளைவின்றித் தங்கும் என்பது இதிலிருந்து பெறப்படவில்லை. 1937இல் டீட்ரிக் போன்ஹோஃபர் 'மலிவான அருள்' என்று கண்டித்தது இவ்விரண்டையும் குழப்பியதைத்தான்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. மத்தேயு 18ஆம் அதிகாரம் பாதிக்கப்பட்டவரைத் தவறு செய்தவரிடம் செல்லுமாறும், எண்ணிக்கையின்றி மன்னிக்குமாறும் பணிக்கிறது. பெருங்கடன் மன்னிக்கப்பட்ட பணியாளர் சிறு கடனை மன்னிக்க மறுத்த உவமையும் அங்கேயே உள்ளது. முதல் அடி பாதிக்கப்பட்டவருடையது என்பதை இது நிறுவவில்லையா? இரண்டு விவரங்கள் கவனிக்கத்தக்கவை. பாதிக்கப்பட்டவர் செல்வது குற்றத்தை எடுத்துரைப்பதற்கு. அதை மூடி மறைப்பதற்கன்று. உவமையில் மன்னிக்குமாறு கோரும் உரிமை அரசரிடம் உள்ளது, ஏனெனில் பெருங்கடனை இழந்தவர் அவரே. மன்னிப்பைக் கடவுளின் அழைப்பாகப் பாதிக்கப்பட்டவர் கேட்டு ஏற்கலாம். குற்றமிழைத்தவரோ, அவர் சார்பில் பேசும் அரசோ சபையோ அதை ஓர் உரிமையாகக் கோர முடியாது. அவ்வாறு கோருவோர் கடவுளின் இடத்தில் தம்மை நிறுத்திக்கொள்கின்றனர், அதுவும் கடவுள் ஏற்ற இழப்பைத் தாம் ஏற்காமலே.

மூன்றாவது, பாதிக்கப்பட்டோர் இறந்துவிட்ட நிலையில் யாரிடம் செல்வது என்னும் நடைமுறைக் கேள்வி. எண்ணிக்கை நூலின் அதே 5ஆம் அதிகாரம் இதை முன்கூட்டியே எதிர்கொள்கிறது: ஈட்டைப் பெற்றுக்கொள்ள உறவினர் எவரும் இல்லையெனில் அது ஆண்டவருக்குரியதாகிக் குருவிடம் சேர வேண்டும். உரியவர் இல்லாமல் போனதால் கடன் ஒழிந்துவிடுவதில்லை. தலைமுறைகளைக் கடந்த அநீதிகளில், இழைத்தவரின் வழித்தோன்றல்கள் அதன் பயனைத் தொடர்ந்து நுகரும்வரை, கடப்பாடும் தொடர்கிறது என்பதே இவ்விதியின் உட்கிடை.

8. முடிவு

கடவுளோடு ஒப்புரவாதல் என்பது, குற்றம் இழைக்கப்பட்டவராகிய கடவுள் தீமையோடு இணங்காமலும் தீமை இழைத்தவரைக் கைவிடாமலும் தாமே இழப்பை ஏற்று முன்வந்த செயல். இச்செயலைப் பெற்றுக்கொண்டவர், தாம் பிறருக்கு இழைத்ததைப் பொறுத்தவரை, காணிக்கையை விட்டு எழுந்து நடக்க வேண்டியவராகிறார். முதலாவதைப் பாதிக்கப்பட்ட மனிதர்மீது சுமத்துவதும், இரண்டாவதிலிருந்து குற்றமிழைத்த மனிதருக்கு விலக்கு அளிப்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். பெல்ஹார் அறிக்கை கற்பிப்பது இதுவே: ஒப்புரவை நீதியினின்று பிரிக்கும் சபை, தான் அறிவிக்கும் கடவுளையே தவறாக அறிவிக்கிறது.

தென்னிந்தியத் திருச்சபை 1950இல் வெளியிட்ட திருவிருந்து வழிபாட்டு முறையில், காணிக்கை படைப்பதற்கு முன் சமாதான வாழ்த்து கைகளால் பரிமாறப்படுகிறது. மத்தேயுவின் கட்டளைக்கு வழிபாட்டில் தரப்பட்ட மிகப் பொருத்தமான இடம் அது. பறிக்கப்பட்ட நிலத்துக்கும் மறுக்கப்பட்ட மதிப்புக்கும் பிரித்து வைக்கப்பட்ட கல்லறைக்கும் கணக்குச் சொல்ல ஒரு சபை ஆயத்தமாக இருக்கும்போதே அவ்வாழ்த்து உண்மையாகிறது; அந்தக் கணக்கைத் தொடங்க வேண்டியவர்கள் அவற்றால் பயன் பெற்றவர்களே.